கோதாவரியை யார் கூப்பிடுவது

செப். 20, சனி

மழை. காலையிலிருந்து விடவே இல்லை. பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறக்கம். மொத்தம் ஐந்து. நான்கு நலம், ஐந்தாவதில் கரப்பான் குடும்பம். செட்டியார் பொம்மைக்கு மூக்கு போய்விட்டது, செட்டியாரம்மா சேதமில்லை. வாமனரைக் காணோம், அவர் குடை மட்டும் கிடைத்தது.

அப்பா போனபிறகு மூன்று வருடமாகக் கொலு கிடையாது. போன வாரம் அம்மாவாகவே, "படி கட்டுவோம் ட்டி. பொம்மையெல்லாம் எத்தன நாளைக்குப் பொட்டிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கும்" என்றாள். ஸ்டூல் மேல் நின்றுகொண்டே அழுதேன். கேட்டதற்குத் தூசி என்று பதில்.

பெரிய விஷயம் அப்படியே கிடக்கிறது. ஜூலையில் சொன்னேன்: கோதாவரி என்று ஒருத்தி, நான் ராத்திரி ஷிப்டில் இருந்தபோது ஆபீஸ் கேப் வண்டியில் பழக்கம், தோழி மட்டும் இல்லை, இனி இருந்தால் அவளோடுதான். அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரி பாப்போம்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. எப்போதாவது, "அந்தப் பிள்ள சாப்பிட்டாளாமா?" என்பாள். கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

ஏனென்றால் நான் சொன்னது பாதி. மீதிப் பாதி: கோதாவரி (இனி கோ.) இப்போது மனுஷி இல்லை. நூற்று அறுபது வருஷம் முன்பு வரை இருந்தாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியவை (வரிசை மாற்றலாம்):
— ரத்தம். அவள் இருக்கும் கேம்ப் ஏரியாவில் தெரிந்த கறிக்கடை, ஆட்டு ரத்தம், வாரம் இருமுறை, தூக்குவாளியில். மனுஷ ரத்தம் கிடையாது. என்னுடையது வேண்டுமா என்று ஒருதரம் கேட்டேன். "பூரா காபி வாசன, எனக்கு வேண்டாம்" என்றாள். அன்றைக்குத்தான் இனி இவள்தான் என்று எனக்குத் தீர்மானமானது.
— வெயில் ஆகாது. அதனால்தான் அமெரிக்கா ஷிப்ட்.
— கண்ணாடியில் விழமாட்டாள்.
— பூண்டு விஷயம் சினிமாக்காரர்கள் கட்டிய கதை.
— வீட்டுக்கு உரியவர் வாய்விட்டு "வா" என்று கூப்பிடாமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. கடை, ஆபீஸ், பஸ் எல்லாம் பரவாயில்லை, அதெல்லாம் வீடு இல்லையாம்.

கடைசி விதிதான் இடிக்கிறது. இந்த ஃபிளாட் அம்மா பேரில்.

செப். 21, ஞாயிறு, அமாவாசை

மழை குறைவு. ஏழு படி. வெள்ளை வேட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் தூக்கிப் பார்க்காத வரை நல்லது: டிரங்குப் பெட்டி, மைக்ரோவேவ் அட்டைப்பெட்டி, என் இன்ஜினியரிங் புத்தகங்கள். அவை எதற்காவது பயன்பட்டது இதுவே முதல் தடவை.

அப்பா இருந்தபோது அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு எங்கள் விஷ்ராந்த்வாடி ஏரியா முழுக்க ஒவ்வொரு தமிழ் வீடாகப் போய்க் கூப்பிடுவாள். இந்த வருடம் வாட்ஸாப். தாமரைப் படம், "அனைவரும் வருக". முழங்கால் வலி என்றாள். நம்பினேன்.

பிறகு போனை என்னிடம் நீட்டி, "அந்தப் பிள்ளைக்கும் அனுப்பிரு" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, விளக்குத் திரியை உருட்டிக்கொண்டிருந்தாள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

பொழுது சாய்ந்ததும் கோ. போன். மராத்திக்காரிதான், ஆனால் கேம்பில் எண்பது வருஷம் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் இருந்தவள், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். ழ மட்டும் வராது.

"மதி, இது செல்லுமா?"

"அம்மா போன்லேர்ந்து வந்திருக்கு. செல்லும்."

"எளுதிக் கூப்பிட்டா செல்லுமான்னு எனக்கே தெரியாதுடி. இது வரைக்கும் யாரும் எளுதினது இல்லயே."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டாள்.

செப். 23, செவ்வாய்

படுதோல்வி.

மாலை ஏழு. ஹால் நிறைய ஆட்கள். வாசலில் மூன்றாம் மாடி காக்கு. மராத்திக்காரம்மா (காக்கு என்றால் சித்தி), நல்லவர், கணவர் இருக்கிறார். வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுத்து உள்ளே கூப்பிடும் வேலையை அம்மா அவரிடம் விட்டிருக்கிறாள். அம்மா அடுப்படியில். கொண்டைக்கடலைச் சுண்டல், வெளியே தலையே காட்டவில்லை.

கோ. வந்தாள். பச்சை இல்கல் புடவை, கையில் ஒரு பந்து மல்லிகை, தேங்காய். படியேறி வரும்போது எனக்கு மூச்சே வரவில்லை, அத்தனை அழகு. வாசல்படியில் காலைத் தூக்கினாள். கால் அங்கேயே நின்றது.

வாட்ஸாப் செல்லாது.

"வா, உள்ள வா" என்று நான். செல்லாது. காக்கு, "ஆவோ நா, அந்தர் ஆவோ" என்று ஆறு தடவை. அதுவும் செல்லாது. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கோ. செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பிறகு வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹான், ஹான்" என்று பேசினாள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, கோதாவரி வந்திருக்கா. வந்து ஒரு வார்த்த வான்னு சொல்லு."

"காக்கு நிக்காள்லா."

"நீ சொல்லணும்மா."

"கைவேலையா இருக்கேன், பாத்தா தெரியல? போ ட்டி."

திரும்பி வந்தபோது பூவும் தேங்காயும் வாசலில், காக்கு கையில். கோ. போய்விட்டாள்.

எல்லாரும் போனபின் அம்மா: "வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனா என்ன அர்த்தம்? நம்ம வீடு அவளுக்கு அவ்வளவு கேவலமா?"

நான் ரூமுக்குள் போய்விட்டேன். வாய் திறந்திருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். வாட்ஸாப்பில் ஊரோடு சேர்த்து ஒரு தாமரை அனுப்பலாம், முகத்தைப் பார்த்து "வா" என்று ஒரு சொல் வராது. பெண்ணுக்குப் பெண் என்றதும் வாய் அடைத்துவிட்டது. அவ்வளவுதான் என் அம்மா.

செப். 24, புதன்

ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து திரும்பும்போது வாகட் பாலத்தில் கேப் ஒரு மணி நேரம் அசையவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அம்மாவோடு மனதுக்குள் சண்டை. வீட்டுக்கு வந்ததும் நிஜச் சண்டை. ஆட்கள் வரத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். லிஸ்டில் இருந்த வரிசை எல்லாம் போச்சு. ரத்தம் முதலில் வந்துவிட்டது.

அம்மா தேங்காய்த் துருவியைக் கீழே வைத்தாள்.

"ரத்தமா?"

"ஆட்டு ரத்தம்."

"நம்ம ஊர்ல இதுக்கு இசக்கின்னு பேரு. கோயில் கட்டி, வருசா வருசம் கொடை குடுப்பாவ. இங்க கம்பெனி வண்டியில ஏத்தி வேலைக்கு அனுப்புதாவளாக்கும்."

"அம்மா, நான் வெளயாடல."

"நானும் வெளயாடல. புரட்டாசியிலயுமா?"

"ஒன்பது நாளும் விரதம் இருக்கா. அவ பிறந்த வீட்ல சைவம்."

"அப்பப் பட்டினியா கெடக்கா." துருவியை மறுபடி கையில் எடுத்தாள். "உன்னவிட எத்தன வயசு மூப்பு?"

அவள் வயதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்போதுதான் கத்தினேன். எல்லாம் கேட்கிறாய், ஒரு வார்த்தை கூப்பிட மாட்டேன் என்கிறாய், நீ கூப்பிடாவிட்டால் ஆயுசுக்கும் அவள் இந்த வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும், உனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லித் தொலை என்று.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடியவே இல்லை.

"பிடிக்காமலா அனுப்பச் சொன்னேன்? கோட்டிக்காரி. ஊர்ல என்ன சொல்லுவாவன்னு ஜூலையில நெனச்சேன், மறுக்கல. அப்புறம் உன் மொகத்தப் பாத்தேன். மூணு வருசமா இந்த வீட்ல யாரு சிரிச்சா? ஆனா தாலி அறுத்தவ வாயால, வாழ வாற பிள்ளைய முத முதல்ல கூப்பிடலாமா ட்டி? நான் கூப்பிட்டு உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அதான் காக்குவ நிக்கச் சொன்னேன்."

முழங்கால் வலி இல்லை. எதுவும் வலி இல்லை. சிமிழைத் தூக்கிக்கொண்டு போனால் தன் கையிலிருந்து யார் எடுப்பார்கள் என்றுதான் வாட்ஸாப். நான் மக்கு. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் மக்கு.

"அம்மா, அவளுக்கு என்ன ஆயிரும்? அவ ஏற்கெனவே செத்துப்போனவ."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அழுகையும் கொஞ்சம் கலந்து. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். "வேண்டாம்லா. மனசு ஒப்பல."

காலிங் பெல். அம்மா அடுப்படிக்குள்.

செப். 26, வெள்ளி

தூறல். சுண்டல்: பச்சைப்பயறு, உப்பு ஒரு கை அதிகம்.

கோ. மறுபடி வந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, விளக்கு வைத்ததும். கூப்பிட வேண்டாம், பேச மட்டும் வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்தாள். அம்மா வாசலுக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நடுவில் என் கோலம். நான் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில்.

முதல் கேள்வி: "சாப்டியா?"

"விரதம் அம்மா."

"மொகம் வெளிறிப் போயிருக்கு. விஜயதசமி முடிஞ்சதும் மொத வேலையாப் போய்க் குடிச்சிட்டு வா. எங்க அடுப்படியில மட்டும் வேண்டாம்." பிறகு குரல் இறங்கியது. "ஏன் நான் கூப்பிடலன்னு மதி சொன்னாளா?"

"சொன்னா. அதான் வந்தேன். நானும் அதே ஜாதிதான் அம்மா."

"எந்த ஜாதி?"

"நீங்க சொல்றீங்களே, தாலி அறுத்தவ. அந்த ஜாதி."

எனக்கே முழுசாகத் தெரியாது இது. எட்டு வயசில் கல்யாணம். புருஷனைப் பார்த்தது இரண்டு தடவை. பதினொரு வயசில் அவன் போய்விட்டான், அவளுக்கு மொட்டை, காவிப் புடவை. ஊருக்குள், நதிக்கு அந்தப் பக்கம் பெரிய வீடு. மற்றப் பெண்களெல்லாம் ஹல்திகுங்குவுக்கு வருவார்கள். மஞ்சள் குங்குமம் கொடுத்துக் கூப்பிடுவது, நம் கொலு மாதிரிதான். அன்றைக்கு மட்டும் இவளைப் பின்கட்டு அறையில் போட்டுத் தாழ்ப்பாள். வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதாம். வளையல் சத்தம் மட்டும் கேட்கும். பதினைந்து வருஷம்.

"அப்புறம் ஒரு நாள் ஆத்தங்கரையில ஒருத்தி. எங்கூட வர்றியான்னு கேட்டா. அது வரைக்கும் என்ன யாரும் எங்கயும் கூப்பிட்டதே இல்ல. அவ யாரு, என்ன ஆகும், ஒண்ணும் கேக்கல. போயிட்டேன்."

அம்மா கோலத்தில் கலைந்த ஒரு கோட்டை விரலால் சரிசெய்தாள்.

"அவ இப்ப எங்க?"

"ரயில் ஏறிப் பம்பாய் போனா. திரும்பி வரல."

"உன்னப் பூட்டி வச்சாவள்லா, அந்த வீட்டு ஆளுவ?"

"எல்லாரும் எப்பவோ போய்ச் சேந்தாச்சு அம்மா."

"நல்ல வேள. தப்பிச்சாவ." அம்மா எழுந்தாள். முக்காலியைக் காலால் தள்ளினாள். "பதினோரு வயசுப் பிள்ளையால யாருக்குக் கெட்டதாம்? சவத்து மூதிய. அது கண்ணுல பட்டா என்ன கொள்ள போவுது?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தான் சொன்னதைத் தானே கேட்டது மாதிரி. பிறகு உள்ளே போய், தட்டில் சுண்டல் கொண்டுவந்து கோலத்தைத் தாண்டி நீட்டினாள். கோ. இரண்டு பயறு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது மண் மாதிரி இருக்கும். "நல்லா இருக்கு அம்மா" என்றாள்.

"பொய் சொல்லாத. உப்பு கூட" என்றாள் அம்மா.

செப். 27, சனி

அம்மா நாள் முழுக்க எதையோ தேடுகிறாள். பீரோவை இரண்டு தடவை திறந்து மூடினாள். குங்குமச் சிமிழைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். கேட்டால், "கறுத்துக் கெடந்துது."

கோ.வுக்கு மெசேஜ்: நம்பிக்கை வைக்காதே. பிறகு இன்னொன்று: கொஞ்சம் வை.

செப். 28, ஞாயிறு

எல்லாம் எழுதிவிட வேண்டும்.

மதியம் சாப்பிட்டதும் அம்மா: "கெளம்பு. கேம்புக்குப் போணும்." மாம்பழக் கலர் பட்டு. மூன்று வருடமாக வெள்ளையும் சாம்பலும்தான் கட்டினாள். நெற்றியில் எப்போதும் போலத் திருநீறு. கையில் தாம்பாளம்: சிமிழ், மஞ்சள், வெற்றிலை பாக்கு, சின்னக் கண்ணாடி, சீப்பு, பச்சை ரவிக்கைத் துணி.

"இப்பத் தூங்குவாம்மா. பகல்."

"கூப்பிட வாறவ எப்ப வந்தாலும் எந்திரிக்கணும்."

ஆட்டோவில் தாம்பாளத்தை மடியில் வைத்துப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர், "ஷாதி ஹை க்யா, அம்மா?" அம்மாவுக்கு இந்தி அரைகுறை. கல்யாணமா என்று கேட்கிறார் என்றேன். "ஆமான்னு சொல்லு" என்றாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கோ.வின் இடம் சர்ச்சுக்குப் பின் சந்து. ஒரு காலத்தில் கிடங்கு. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. தட்டினேன். ஐந்து நிமிடம். கதவு ஒரு விரல் கடை திறந்தது. கலைந்த தலை, நைட்டி, கண் பாதி மூடி. அம்மாவைப் பார்த்ததும், "அரே தேவா" என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே எதுவோ விழுந்து உடையும் சத்தம். மறுபடி திறந்தபோது புடவை, அவசரத்தில் முந்தானை தலைகீழ்.

"உள்ள வாங்க அம்மா."

அம்மா வலது காலை வைத்து உள்ளே போனாள். உட்காரவில்லை. கூப்பிட வந்தவர்கள் உட்கார மாட்டார்கள்.

"கோதாவரி, எங்க வீட்ல கொலு வச்சிருக்கேன். நாளைக்கு நீ வரணும். நான் வந்து கூப்பிடுதேன்." சிமிழைத் திறந்து நீட்டினாள்.

கோ. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நானா? நான் எடுக்கலாமா?"

"நான் குடுக்கலாம்னா நீ எடுக்கலாம்."

கோ. கண்ணாடியைக் கையில் எடுத்தாள். அதில் சுவரும் காலண்டரும்தான் தெரிந்தன. நான் சொல்லியிருந்தும் அம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு கண்ணாடியை வாங்கித் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். இடது கையால் கோ.வின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மோதிர விரலால் நெற்றி நடுவில் வட்டமாகப் பொட்டு வைத்தாள். ஓரத்தில் சிதறியதைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். பதினொரு வயசில் அழித்த இடம்.

"மதி, நேரா இருக்கா?" என்று கோ. கேட்டாள்.

நேராக இருந்தது. தலையை ஆட்டினேன்.

வாங்கிக்கொண்டவர் திருப்பி வைப்பதும் வழக்கம். கோ. சிமிழில் விரலைத் தொட்டாள். அம்மா பின்வாங்குவாள் என்று நினைத்தேன். குனிந்து நெற்றியைக் காட்டினாள். திருநீற்றுக்குக் கீழே, சின்னதாக ஒரு பொட்டு.

"யம்மாடி, ஐஸ் மாரி இருக்கு கை" என்றாள் அம்மா. துடைக்கவில்லை. திரும்பி வரும்போது எம்.ஜி. ரோட்டில் ஆட்டோ நின்றபோதெல்லாம் கடைக் கண்ணாடிகளில் தன் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அப்படியே உட்கார்ந்தாள். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கோ. போன்: "கேம்புல கூப்பிட்டது விஷ்ராந்த்வாடியில செல்லுமா?" தெரியாது என்றேன். இரண்டு பேருக்கும் பயம்.

செப். 29, திங்கள்

மழை இல்லை. ஆபீஸில் பாதி நாள் லீவு, காரணம்: "குடும்ப விசேஷம்". மேனேஜர் வாழ்த்துச் சொன்னார். நன்றி என்றேன்.

சுண்டல்: கடலைப்பருப்பு, உப்பு சரி. ஹாலில் பதினைந்து பேர். தமிழ் குரூப் பெண்கள் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் கட்டடத்து ஆட்கள். காக்கு வழக்கம்போல் வாசலில் தட்டோடு. அம்மா அதே மாம்பழப் பட்டில் அடுப்படியிலிருந்து வந்தாள். நெற்றியில் புதுப் பொட்டு. பேச்சு சட்டென்று நின்றது. யாரோ யாரையோ இடித்தார்கள். அம்மா நேராகப் போய்க் காக்குவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள்.

"அப் மை கரேகா" என்றாள். இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான், தப்பு இந்தியில். ஆனால் என்ன குரல்! காக்கு அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அதிலிருந்து வந்த ஒவ்வொருத்தருக்கும் அம்மாவே கொடுத்தாள். முதலில் வந்த பெண் கொஞ்சம் தயங்கினாள், எடுத்துக்கொண்டாள். அடுத்தவள் தயங்கவில்லை. எடுக்காதவர் ஒருவர், ரெண்டாம் மாடி. அம்மா சிரித்துக்கொண்டே சுண்டல் கொடுத்து அனுப்பினாள்.

ஏழு மணி. கோ. வந்தாள். நேற்றுக் கொடுத்த பச்சைத் துணியை ஒரே ராத்திரியில் தைத்துப் போட்டிருக்கிறாள். கோலத்துக்கு வெளியே நின்றாள். காலைத் தூக்கிச் சோதிக்கக்கூட இல்லை. அம்மா முகத்தையே பார்த்தாள். நான் கொலுப் படியின் ஓரத்தை இறுக்கப் பிடித்ததில் என் இன்ஜினியரிங் புத்தகம் ஒன்று நகர்ந்து, தசாவதாரம் ஆடியது.

அம்மா தட்டைக் காக்குவிடம் கொடுத்தாள். நிலைப்படிக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினாள். ஹால் முழுக்கக் கேட்க:

"வா ட்டி, கோதாவரி. வலது கால எடுத்து வச்சு உள்ள வா."

தமிழ் குரூப் அப்படியே உறைந்தது. அந்த வார்த்தையை எப்போது, யாருக்குச் சொல்வார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். மாமி ஒருத்தர் என்னைப் பார்த்தார், கோ.வைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம். அதேதான்.

கோ. கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் நிலைப்படியைத் தாண்டியது. நிற்கவில்லை! உள்ளே! பதற்றத்தில் இடது கால்.

"ஏட்டி! அது எடது!" அம்மா கத்தினாள். "வெளிய போ. போங்கேன்லா. திரும்ப வா."

"அம்மா, வந்துட்டேனே..."

"இடது கால வச்சு வந்தா நான் விடுவேனா? போ."

அவள் வெளியே போனாள். சிரிப்பும் அழுகையுமாகக் கோலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், எது எது என்று தெரியாத குழந்தை மாதிரி. அம்மா மறுபடி, இன்னும் உரக்க, "வா கோதாவரி, வலது கால எடுத்து வச்சு வா!" பின்னாலிருந்து அந்த மாமி, "வலது, வலது!" காக்கு அதையே மராத்தியில், "உஜவா! உஜவா பாய்!" ஹாலே கத்தியது.

வலது கால்.

நூற்று அறுபது வருஷமாக எந்த வீட்டுக்காரரும் கூப்பிடாதவள். ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை.

இப்போது எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா பாத்திரம் ஒழிக்கிறாள், கேட்க ஆளில்லாமலே ரெண்டாம் மாடியைத் திட்டுகிறாள். எனக்கு எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது, முடியாது. கோ. கூப்பிடுகிறாள், எங்கள் ஹாலிலிருந்து.